பின்னேரப் பள்ளிக்கூடம்



பள்ளிக்கூடம் என்ற சொல்லைக் கேட்டதும் உங்களில் பலருக்கு ஒரு காலைப் பொழுதுதான் நினைவுக்கு வரும். கிணற்றடியில் தோய்ந்து, வெள்ளைச் சேட்டைப் போட்டு, திருநீறு காயுமுன்பே படலையைத் திறந்துகொண்டு மணி அடிக்கு முன் ஓடிய பொழுது அது. எனக்கும் அப்படி ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. ஆனால் இன்று நான் பேச வந்தது இன்னொரு பள்ளிக்கூடத்தைப் பற்றி. அது மத்தியானம் 12.30க்குத் தொடங்கி, பின்னேரம் 5 மணிக்கு முடியும். அதில் நான் படித்தது ஏறத்தாழ மூன்று மாதங்கள்தான். அந்த மூன்று மாதத்தில் படித்த கணிதமும் வரலாறும் எனக்கு இப்போது நினைவில்லை. ஒரு பிழை செய்து அதனால் படித்த பாடம் ஒன்று மாத்திரம் நினைவில் நிற்கிறது.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவை யாழ்ப்பாணத்தார் எவருக்கும் விளக்கத் தேவையில்லை. மற்றையவர்களுக்காகச் சொல்கிறேன். சண்டை யாழ் நகரை நெருங்கிவிட்டது. வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளியேற வேண்டும் என்ற அறிவித்தல் ஒலிபெருக்கியில் வந்தது. அந்த ஒரே இரவில் இலட்சக்கணக்கான மக்கள் செம்மணி வெளியாலும் கோப்பாய் வெளியாலும் தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். மழையும் பெய்தது. நாவற்குழிப் பாலத்தைக் கடக்க எங்கள் குடும்பத்துக்கு விடியும்வரை பிடித்தது. அப்பா உருட்டிய சைக்கிளில் ஒரு பக்கம் அரிசிப் பையும் மறுபக்கம் என்னுடைய புத்தகப் பையும் தொங்கின. இடையில் ஓரிடத்தில் அப்பா நின்று, எதை இறக்கலாம் என்று பார்த்தார். புத்தகப் பையில் கை வைத்தவர், பிறகு எடுத்துவிட்டார். எதுவும் சொல்லவில்லை. இறக்கியது தன்னுடைய உடுப்புப் பையை.

மீசாலையில் ஒரு தென்னங்காணியில் கிடுகுக் கொட்டில் போட்டு இருந்தோம். காணி ஒரு ஆச்சியினுடையது. அந்தக் காணியில் எங்களைப்போல ஏழு குடும்பங்கள். ஒரே கிணறு. தென்மராட்சியில் அப்போது ஆளில்லாத விறாந்தையோ வெறுமையான மாமர நிழலோ இல்லை என்று சொல்லலாம். பள்ளிக்கூடங்களிலும் சனம் இருந்தது. சனம் மெல்ல மெல்லக் கொட்டில்களுக்குப் போன பிறகுதான் வகுப்பறைகள் மீண்டும் வகுப்பறைகள் ஆயின.

1996ஆம் ஆண்டு தைப்பொங்கல் கழிந்து சில நாளில், எங்கள் பள்ளிக்கூடம் திரும்பத் தொடங்குகிறது என்ற செய்தி வந்தது. ஆனால் சொந்தக் கட்டடத்தில் அல்ல. அந்த ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில், அவர்கள் காலையில் படித்து முடித்துப் போன பிறகு, பின்னேரத்தில்.

இந்த ஏற்பாடு எப்படி நடந்தது என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஒரே கட்டடம். இரண்டு அதிபர்கள், இரண்டு இடாப்புகள், இரண்டு பள்ளிக்கூடங்கள். காலைப் பள்ளிக்கூடம் 7.30க்குத் தொடங்கி 12 மணிக்கு முடியும். அரை மணி நேரத்தில் அவர்கள் வெளியேற, நாங்கள் உள்ளே போவோம். எங்கள் பள்ளிக்கூடத்தின் பெயரை ஒரு பலகையில் எழுதி வைத்திருந்தார்கள். காவலாளி 12.30க்கு அதை வாசலில் கொழுவுவார். 5 மணிக்குக் கழற்றி அதிபரின் அலுமாரிக்குப் பின்னால் வைப்பார். மணி மாத்திரம் பொது. மாமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டு. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்கு ரயில் ஓடவில்லை. ஆகவே தண்டவாளத்துக்கு அந்த ஒரு வேலையாவது மிஞ்சியது.

நாற்பது நிமிடப் பாடவேளை முப்பது நிமிடமாகக் குறைந்தது. இடைவேளை பத்து நிமிடம். விளையாட்டு இல்லை, சங்கீதம் இல்லை, ஆய்வுகூடம் இல்லை. பின்னேரப் படிப்பின் கஷ்டம் பின்னேரம் படித்தவர்களுக்குத்தான் தெரியும். முதல் இரண்டு பாடத்துக்குக் கண் சொக்கும். நிவாரண அரிசிச் சோற்றைச் சாப்பிட்டு வந்தவனுக்கு நித்திரை. சாப்பிடாமல் வந்தவனுக்கு மயக்கம். மூன்றரை மணிக்குப் பிறகு மேற்குப் பக்கத்து அரைச்சுவருக்கு மேலால் வெயில் நேரே கரும்பலகையில் விழும். எழுத்துத் தெரியாது. நாங்கள் வாங்குகளோடு ஒரு பக்கம் ஒதுங்குவோம். மழை இருட்டினாலோ நாலரைக்கே பலகை தெரியாது. மின்சாரம் யாழ்ப்பாணத்தில் 1990இலிருந்தே இல்லை. அந்த நேரங்களில் ஆசிரியர் எழுதுவதை விட்டுவிட்டுச் சொல்லத் தொடங்குவார். வீட்டுக்குப் போனால் ஜாம் போத்தல் விளக்கு. அதற்கும் மண்ணெண்ணெய் அளந்துதான். ஆகவே வகுப்பில் எழுதாதது எழுதாததுதான்.

எங்களுக்குக் கிடைத்த வகுப்பறையில், காலையில் இருந்ததும் எங்களைப்போல ஆண்டு பதினொன்று வகுப்புத்தான். க.பொ.த. சாதாரண தரம் எழுத வேண்டியவர்கள். அவர்களை நாங்கள் கண்டதில்லை. நாங்கள் வாசலுக்கு வர அவர்கள் சைக்கிளில் போய்விடுவார்கள். ஆனால் அவர்கள் இருந்த அடையாளம் இருக்கும். கரும்பலகையில் திகதியும் வரவு எண்ணிக்கையும் இருக்கும். என்னுடைய மேசையில் கொம்பாசு முனையால் கீறிய இரண்டு எழுத்து இருக்கும். ஒரு நாள் என் வாங்கில் 'அகதிப் பள்ளிக்கூடம்' என்று பென்சிலால் எழுதியிருந்தது. யார் எழுதினார்களோ, எங்களவர்களே பகிடிக்கு எழுதினார்களோ, இன்றுவரை தெரியாது. ஆனால் அதை வாசித்த பிறகு, நான் காணாத அந்தக் காலை வகுப்பு முழுவதும் எனக்குப் பகையாகிவிட்டது.

அதற்கு அடுத்த கிழமைதான் அந்தச் சம்பவம் நடந்தது. நாங்கள் உள்ளே போனபோது கரும்பலகையின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு கீறியிருந்தது. இடது பாதியில் பெரிய படம் ஒன்று. மனிதனுடைய குருதிச் சுற்றோட்டம். நாடிகள் சிவப்புச் சோக்கிலும் நாளங்கள் நீலச் சோக்கிலும் கீறி, பாதிக்குப் பெயர் குறித்திருந்தது. அதற்குக் கீழே அழகான எழுத்தில், 'தயவுசெய்து அழிக்க வேண்டாம்' என்று எழுதியிருந்தது.

எங்கள் தமிழாசிரியர் அன்று முதற்பாடம். அவர் அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வலது பாதியிலேயே எழுதினார். இடம் முடிந்தால் அழித்துவிட்டு மறுபடி எழுதினார். அவருக்குப் பின் வந்த ஆசிரியர்களும் அப்படித்தான். எனக்கோ ஆத்திரம். எங்களுக்குக் கிடைத்தது அரை நாள். அதிலும் அரைக் கரும்பலகையா என்று இருந்தது. மணி அடித்து எல்லோரும் போன பிறகு, கொப்பியை மறந்துவிட்டேன் என்று திரும்பி வந்து, டஸ்ரரை எடுத்து அந்தப் பாதியைத் துடைத்துவிட்டேன். 'அழிக்க வேண்டாம்' என்ற வரியைக் கடைசியாகத் துடைத்தேன்.

மறுநாள் பின்னேரம் தமிழாசிரியர் வகுப்புக்கு வந்து, "ஆர் அழிச்சது?" என்று ஒரே ஒரு தரம் கேட்டார். ஒருவரும் பேசவில்லை. அவர் அடிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. "நாளைக்குக் காலமை ஏழரைக்கு நான் இஞ்ச வந்து அந்த ரீச்சரிட்டை மன்னிப்புக் கேக்கப் போறன். அழிச்ச ஆள் விருப்பமெண்டா வரலாம்" என்றார். பிறகு பாடத்தைத் தொடங்கினார்.

அவர் கொடிகாமத்துக்கு அப்பால் ஒரு கொட்டிலில் இருந்தவர். சைக்கிள் ரயர் வெடித்து, மாற்று ரயர் கிடைக்காமல், நடந்துதான் வந்து போனவர். என்னால் அன்றிரவு நித்திரை கொள்ள முடியவில்லை. நான் செய்ததற்கு அவர் அவ்வளவு தூரம் இரண்டு தரம் நடக்கப் போகிறார். காலையில் போனேன். அவர் வாசலில் நின்றார். என்னைக் கண்டதும், "வா" என்று மாத்திரம் சொன்னார். நான்தான் என்று அவருக்கு முதலே தெரியுமோ என்று இப்போது நினைக்கிறேன்.

அன்றுதான் எங்கள் வகுப்பறையைக் காலை வெளிச்சத்தில் முதன்முதலாகப் பார்த்தேன். வாங்குக்கு நான்கு பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு பேர் நெருக்கியடித்து இருந்தார்கள். விஞ்ஞான ரீச்சர் எங்கள் அம்மாவின் வயதிருக்கும். தமிழாசிரியர் மன்னிப்புக் கேட்டதும் அவர் பதறிப்போனார்.

"என்ன சேர் நீங்கள், இதுக்குப் போய்... சின்னப் பிள்ளையள்தானே" என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். "தம்பி, கோவிக்காதை. சோக்கு இல்லை. இருந்த சிவப்பும் நீலமும் அதோடை முடிஞ்சுது. முப்பது நிமிசத்துக்குள்ளை இதுகளாலை கீறி முடிக்கேலாது. அதுதான் மற்ற நாளும் பாத்துக் கீறட்டும் எண்டு விட்டனான். எங்கடை பிள்ளையளுக்கும் இப்ப அரைப் பள்ளிக்கூடம்தானே."

அந்தக் கடைசி வசனம் என் தலையில் விழுந்தது. அதுவரை நான் அந்த விதமாக ஒரு நாளும் யோசிக்கவில்லை. அரைப் பள்ளிக்கூடம் எங்களுக்கு மட்டும்தான் என்று எண்ணியிருந்தேன். எங்களுக்குக் கிடைத்த பாதி வானத்திலிருந்து விழவில்லை. அது அவர்களுடைய பாதி. எங்களை ஊரை விட்டு எழுப்பியது போர். ஆனால் அவர்கள் தங்கள் பாடவேளையில் பத்து நிமிடத்தை இழந்ததும், விளையாட்டை இழந்ததும், ஆய்வுகூடத்தை இழந்ததும் எங்களுக்கு இடம் விட்டதனால். அந்தப் பிள்ளைகளின் வீட்டு விறாந்தைகளிலும் எங்களைப் போன்றவர்கள்தான் படுத்திருந்தோம்.

தமிழாசிரியர் என் கையில் வெள்ளைச் சோக்கைத் தந்து, "நீ அழிச்சதை நீயே கீறு" என்றார். எனக்குப் படம் முழுக்க நினைவில்லை. அப்போது என்னுடைய இடத்தில் இருந்த பெடியன் எழும்பி வந்து தன்னுடைய கொப்பியை நீட்டினான். அதில் அவன் பாதி கீறி வைத்திருந்தான். நான் அதைப் பார்த்துப் பலகையில் கீறினேன். மிச்சப் பாதியை ரீச்சர் சொல்லச் சொல்லக் கீறினேன். வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. நான் முடிக்கவும் அந்தப் பாடவேளை முடிந்து மணி அடிக்கவும் சரியாக இருந்தது. ஆக, அவர்களுக்கு ஒரு விஞ்ஞான பாடமும் என்னால் போயிற்று. கொப்பியைத் திருப்பிக் கொடுத்தபோது அவன், "நீயோ என்ரை இடத்திலை இருக்கிறனி?" என்று கேட்டான். ஓம் என்றேன். "மேசைக் கால் ஆடும். கடதாசி மடிச்சு வைச்சிருக்கிறன். எடுத்துப் போடாதை" என்றான். வேறொன்றும் பேசவில்லை.

அன்று பின்னேரம் தமிழாசிரியர் திருக்குறளில் விருந்தோம்பல் அதிகாரத்தை எடுத்தார். மோந்தால் வாடும் அனிச்சப் பூவைச் சொல்லும் தொண்ணூறாவது குறள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பூ மோந்தால்தான் வாடும், விருந்தினனோ வீட்டுக்காரன் முகம் மாறினாலே வாடிவிடுவான் என்று அதை விளக்கினார். விளக்கிவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"இந்த அதிகாரத்திலை பத்துக் குறள். பத்தும் ஆருக்குச் சொன்னது?"

"வீட்டுக்காரனுக்கு, சேர்" என்றோம்.

"விருந்தாளிக்கு என்ன சொல்லியிருக்கு?"

தேடிப் பார்த்தோம். ஒன்றும் இல்லை.

"வள்ளுவர் காலத்திலை விருந்தாளி ஒரு நாள் வந்து மற்ற நாள் போற ஆளாக்கும். மாதக் கணக்கிலை இருக்கிற விருந்தாளியளுக்கு என்ன சொல்லுறதெண்டு நாங்கள்தான் யோசிக்க வேணும். வீட்டுக்காரனுக்கும் ஒரு முகம் இருக்கு. அதுவும் வாடும்." இதைச் சொல்லிவிட்டு அவர் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். என்னைப் பார்க்கவில்லை. வகுப்பில் எவருக்கும் என் பெயரையும் சொல்லவில்லை.

1996 ஏப்ரிலில் சண்டை தென்மராட்சிக்கும் வந்தது. நாங்கள் வந்த வழியே திரும்ப வலிகாமத்துக்குப் போனோம். வேறு பலர் கிளாலி கடந்து வன்னிக்குப் போனார்கள். பள்ளிக்கூடம் ஒரு நாளில் கலைந்தது. அந்த ஊரவர்களிடம் போய்வருகிறோம் என்று சொல்லக்கூட நேரம் இருக்கவில்லை. அலுமாரிக்குப் பின்னால் இருந்த எங்கள் பெயர்ப் பலகையும் அங்கேயே நின்றுவிட்டது.

நேயர்களே, காலம் கணக்குத் தீர்க்கும் விதம் விசித்திரமானது. 2000ஆம் ஆண்டு ஏப்ரிலில் ஆனையிறவு முகாம் வீழ்ந்தது. மே மாதம் சண்டை மறுபடியும் தென்மராட்சிக்குள் வந்தது. இந்த முறை சாவகச்சேரி தரைமட்டமாகியது. எங்களுக்குத் தென்னை நிழல் தந்த சனம், எங்களுக்கு வகுப்பறை தந்த சனம், கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வடமராட்சிக்கும் வலிகாமத்துக்கும் வந்தது. அப்போது நான் உயர்தரம் எழுதிவிட்டு, நான் படித்த பள்ளிக்கூடத்திலேயே தொண்டர் ஆசிரியனாகக் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எங்கள் கட்டடத்தில் பின்னேரத்தில் தென்மராட்சிப் பள்ளிக்கூடம் ஒன்று தொடங்கியது. நான் படித்த அதே பள்ளிக்கூடம் அல்ல, வேறொன்று. காலையில் நாங்கள். பின்னேரம் அவர்கள்.

ஒரு மாதம் போகவில்லை. என்னுடைய ஆண்டு எட்டுப் பிள்ளைகள் முறையிடத் தொடங்கினார்கள். "சேர், பின்னேரக்காரர் வாங்கை உடைச்சுப் போட்டினம்." "சேர், அந்த அகதியள் என்ரை மேசையிலை கீறிப்போட்டினம்." அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் சோக்கை வைத்துவிட்டேன். அன்று பாடம் நடத்தவில்லை. இப்போது உங்களுக்குச் சொன்ன கதையை அவர்களுக்குச் சொன்னேன். நான்தான் துடைத்தேன் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு நாலு வருஷம் எடுத்திருக்கிறது.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வந்தது. மத்தியான மணி அடித்ததும் பிள்ளைகளே கரும்பலகையைத் துடைத்து, வாங்குகளை நேராக்கி, மேசையில் ஒரு சோக்குத் துண்டு வைத்துவிட்டுப் போவார்கள். எல்லா நாளும் ஒழுங்காகச் செய்தார்கள் என்று சொல்லமாட்டேன். பிள்ளைகள்தானே. ஆனால் செய்தார்கள்.

ஒரு நாட்காலை வகுப்புக்குள் போனேன். கரும்பலகையில் நடுவால் ஒரு கோடு. ஒரு பாதியில் யாரோ ஒரு பின்னேர ஆசிரியர் இலங்கைப் படம் கீறி, ஆறுகளைக் குறித்துக்கொண்டு போய், பாதியில் விட்டிருந்தார். கீழே, 'அழிக்க வேண்டாம்' என்று எழுதியிருந்தது. எங்கள் வகுப்பில் ஒரு பெடியன் டஸ்ரரோடு முன்னுக்கு வந்தவன், என்னைத் திரும்பிப் பார்த்தான். "இருக்கட்டும்" என்றேன். அன்று முழுவதும் எல்லாப் பாடமும் மற்றப் பாதியில்தான் நடந்தது. இடம் போதவில்லை. சமன்பாடுகளை அழித்து அழித்து எழுதினேன்.

அதன் பிறகும் இந்தப் பின்னேரப் பள்ளிக்கூடங்கள் ஓயவில்லை. 2004ஆம் ஆண்டு சுனாமிக்குப் பின்னர் நம் நாட்டுக் கரையோரங்களில் அவை நடந்தன. 2011இல் சிரியாவில் போர் தொடங்கிய பிறகு, லெபனானிலும் ஜோர்தானிலும் உள்ளூர்ப் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பின், அதே வாங்குகளில் சிரியப் பிள்ளைகள் வந்து இருந்தார்கள். பலஸ்தீன அகதிகளுக்கான ஐ.நா. பாடசாலைகள் பலவற்றில் இரண்டு நேரப் படிப்பு என்பது பல தலைமுறைப் பழக்கம். உலகத்தில் எங்கேயோ இந்த நேரத்திலும் ஒரு பிள்ளை, தான் ஒரு நாளும் காணாத இன்னொரு பிள்ளையின் மேசையில் இருந்து படித்துக்கொண்டிருக்கும்.

இடப்பெயர்வைப் பற்றி நம் எழுத்தாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். பாலத்தையும் மழையையும் விட்டுவந்த வீட்டையும் எழுதினார்கள். எழுதத்தான் வேண்டும். ஆனால் இடம் கொடுத்தவர்களின் கதை, நான் வாசித்த அளவில், மிகக் குறைவு. ஏழு குடும்பத்துக்குத் தன் கிணற்றைத் திறந்துவிட்ட ஆச்சியின் கதை அது. இருந்த கடைசிச் சிவப்புச் சோக்கும் வீணாகிப்போன ரீச்சரின் கதை. மேசைக் காலுக்குக் கடதாசி மடித்து வைத்துவிட்டு, அதை எனக்கும் விட்டுப்போன பெடியனின் கதை. இழந்தவர்கள் பேசினோம். இழந்தவர்களுக்குக் கொடுத்து, அதனால் தாங்களும் இழந்தவர்கள் பேசவில்லை. பேசினால் சொல்லிக்காட்டியதாகிவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ. அவர்கள் சொல்லாததைச் சொல்லும் கடமை வாங்கியவர்களாகிய எங்களுக்குத்தான் உண்டு.

அந்தப் பெடியனை நான் பிறகு காணவில்லை. அவனுடைய பெயரையும் அன்று கேட்கவில்லை. மேசையில் கீறியிருந்த இரண்டு எழுத்து மாத்திரம் தெரியும். ஆனால் ஒன்றை அவனுக்குச் சொல்ல விரும்புகிறேன். இந்த ஒலிபரப்பு அவன் காதில் விழுந்தாலும் விழும். அந்தக் கடதாசியை நான் எடுத்துப் போடவில்லை. ஏப்ரிலில் நாங்கள் போகும்வரை அது மேசைக் காலுக்குக் கீழேயே இருந்தது. ஒரு நாள் நைந்துபோய்க் கிடந்தது. என்னுடைய கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, மடித்து, அதோடு சேர்த்து வைத்தேன்.